ஒன்பதாவது உருண்டை

"ஒன்பதுன்னா ஒன்பதுதான். ஒண்ணைக்கூடக் குறைக்க மாட்டேன்" என்று மேசையைத் தட்டினார் ரத்தினசாமி.

மகள் வினிதாவுக்கு எரிச்சலாக வந்தது. பெங்களூர் வேலையை உதறிவிட்டு அப்பாவின் 'வான்மதி டாய்ஸ்' கம்பெனிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. நல்லூரில், பனியன் துணியில் ராக்கெட், நிலா, கிரகம் என்று பஞ்சு பொம்மை தைக்கிற கம்பெனி. அடுத்த மூன்று வருடத் திட்டத்தை ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். முதல் பக்கத்திலேயே முட்டுக்கட்டை.

"ஏனுங்கப்பா, புளூட்டோ கிரகமே இல்லைன்னு விஞ்ஞானிங்க இந்த வருசம் ஆகஸ்ட்லயே சொல்லிட்டாங்க. நம்ம கிரகப் பொம்மைப் பெட்டியை வாங்கற ஜெர்மனிக்காரர், பெட்டிக்கு எட்டு உருண்டை போதும்கறார். ஒன்பது போட்டா ஆர்டரே போயிருமுங்க."

"நவக்கிரகம், கண்ணு. எட்டாக்கினா குடும்பத்துக்கு ஆகாது."

"நவக்கிரகத்துல புளூட்டோ எங்கீங்கப்பா இருக்குது? அங்க இருக்கறது ராகுவும் கேதுவும்!"

"எனக்கு எண்ணிக்கைதான் முக்கியம்."

மேனேஜர் அருள்செல்வன் சிரிப்பை அடக்க, கீழே குனிந்து விழாத பேனாவைத் தேடினார்.

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷன்! வினிதா விடுவதாக இல்லை. புளூட்டோவால் வீணாகும் நேரத்தை அளந்து அவர் முன்னால் வைத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும். ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு தையல் பகுதிக்கு இறங்கினாள்.

வியாழனுக்குக் கோடு, சனிக்கு வளையம் என்று மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. புளூட்டோ மட்டும் கைத்தையல். எலுமிச்சை அளவில் சாம்பல் நிற உருண்டை. தைப்பது ஒரே ஆள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒச்சாயி.

வினிதா பக்கத்தில் போய் நின்றாள்.

"யாரு, விஜயராணியா?"

"வினிதாங்க." ஒரு கை தூரத்தில் நிற்கிறவளைத் தெரியவில்லையா? "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?"

ஊசி நின்றது.

"மெல்லப் பேசு தாயி. இருபது வருசம் உங்க பழைய பனியன் கம்பெனியில செக்கிங் பாத்தேன். டியூப்லைட்டுக்கு அடியில துணிய விரிச்சு, ஓட்டை தேடித் தேடியே பார்வை மங்கிப்போச்சு. இந்த உருண்டையில கோடும் இல்ல, வளையமும் இல்ல. தடவித் தடவியே தச்சிருவேன். ஐயாவுக்குத் தெரியாது, சொல்லிராத. தெரிஞ்சா நிறுத்திப்புடுவாரு. ஊருக்குப் போயி மருமக கையை எதிர்பாத்து உக்கார என்னால ஆகாது."

"அப்ப ஊசியில நூல் எப்படிக் கோக்கறீங்க?"

"நான் எங்க கோக்குறேன்? இப்பத்தான் நூலோடவே ஊசி வருதாமே! காலையில வந்தா நாப்பது ஊசி குத்தி வச்சிருக்கு. ஃபாரின் சரக்குன்னு ஐயாதான் சொன்னாரு."

அப்படி ஓர் ஊசி இருப்பதாக வினிதா கேள்விப்பட்டதே இல்லை. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தாமலே திரும்பினாள்.

அன்று முழுக்கத் திட்டத்தை அடித்து எழுதினாள். பெட்டிக்குள் எட்டு. புளூட்டோ தனியாக, ஒரு சின்னப் பையில். பையின் மேல் ஓர் அட்டை: 'என்னைக் குடும்பத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டில் இடம் உண்டா?' படம் வரைந்து ஜெர்மனிக்கு மெயில் அனுப்பினாள்.

காலையில் பதில் வந்திருந்தது. பெட்டி எத்தனையோ, அத்தனை பையும் வேண்டுமாம்.

ஷிஃப்ட் தொடங்குமுன் கம்பெனிக்கு ஓடினாள். அப்பாவின் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"அப்பா, உங்க எண்ணிக்கையும் குறையலீங்க, ஆர்டரும்..."

ரத்தினசாமி ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டிருந்தார். சாம்பல் நிற நூலின் நுனியை உதட்டில் ஈரமாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிக் காதுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்த ஊசிகள் மேசையில் வரிசையாகக் கிடந்தன.

அவர் நிமிரவில்லை.

"கதவைச் சாத்து, கண்ணு. ஒச்சாயி வர்ற நேரம்."