ஆற்றில் எடுத்த தாலி

படிக்கட்டில் இறங்கி வந்த பெண்ணின் கழுத்து வெறுமையாக இருந்தது. றெஜினோல்ட் உடனே தொப்பியைக் கழற்றினார்.

தேம்ஸ் வற்றிக் கிடந்தது. லண்டன் வொப்பிங் பக்கம் இன்னும் அரை மணி நேரம்தான் கரையில் நிற்கலாம். பிறகு கடல் பெருகித் தண்ணீர் ஏறிவிடும். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாரத்தை அதற்குள் இறக்கிவிட வேண்டும்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின், ஆற்றங்கரையில் தேடிப் பொறுக்க இரண்டு வருடம் காத்திருந்து பெர்மிட் வாங்கியவர். பழைய பொத்தானும் உடைந்த பீங்கானும் பொறுக்குவார். மூன்று வாரத்துக்கு முன் கல்லுக்குள் மின்னியது ஒரு தாலிக்கொடி. அவர் மனைவி பெர்னடெற்றின் தாலியில் புறா இருக்கும், இதில் பிள்ளையார். ஒரு கண்ணி அறுந்திருந்தது. கல்லில் பட்டு அறுந்திருக்கும் என்று நினைத்தார்.

“புருசன்ர சாம்பலோட கரைச்சிருப்பினம். செத்தவீட்டுச் சாமானைக் கொண்டுவந்து அலுமாரிக்க வச்சிருக்கிறியள்” என்று பெர்னடெற் அன்றிலிருந்து அவரை உறங்க விடவில்லை. அவர் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியபோதும் விடவில்லை. “அவர் துலைஞ்சதை எடுத்துத் தாறவர். எடுத்ததைத் திருப்பிக் குடுக்க அவரிட்ட என்னத்துக்குப் போறியள்?”

கடைசியில் தமிழ் ஆக்களின் வட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். நேற்று ஓர் ஆண் குரல் அழைத்தது. “எங்கட வீட்டுக் கொடி மாதிரிக் கிடக்குது. சுசிலாவைக் கூட்டிக்கொண்டு வாறன்.” தமையனாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

“நீங்கள்தானே சுசிலா, தங்கச்சி?”

“ஓம்.” அவள் திரும்பிப் படிக்கட்டின் உச்சியைப் பார்த்தாள். “கூட வந்தவர் காருக்க இருக்கிறார். நிப்பாட்டக் கூடாத மஞ்சள் கோட்டில நிப்பாட்டியிருக்கு.”

அவர் கைக்குட்டையை விரித்தார். கொடி வெயிலில் பளிச்சிட்டது. அவள் கை நீட்டவில்லை. ஒரு படகு போய், அதன் அலை வந்து கல்லில் அடித்தது.

“உங்கடதானே?”

அவள் தலையசைத்தாள். “எவ்வளவு ஆழத்தில கிடந்தது, அண்ணை?”

“ஆழமோ? மேலாலதான் கிடந்தது. ஏழரை சென்ரிமீற்றருக்குக் கீழ தோண்ட எங்களுக்கு அனுமதியில்லை.” அவர் கையிலிருந்த சின்னக் கரண்டியைக் காட்டினார். “இது மனுசி பூச்சாடிக்கு வாங்கினது. மண்வெட்டியோட வந்தால் பெர்மிட்டைப் பறிச்சுப்போடுவாங்கள்.”

“மெஷின் வச்சுத் தேடுற ஆக்கள்?”

“அதுக்கும் பெர்மிட் வேணும். சும்மா வாற ஆள் இஞ்ச ஒரு கல்லைப் புரட்டவும் ஏலாது.”

“பெர்மிட் இருந்தாலும் தேட ஏலாத இடம் இருக்கோ?”

அவர் ஆற்றோரமாகக் கை காட்டினார். “அந்தச் சங்கிலி தெரியுதே, அதுக்கு அங்கால. பழைய துறை. சேறு ஆளை இழுத்துப்போடும். அங்க ஒருத்தருக்கும் அனுமதியில்லை.”

“ஒருத்தருக்கும்?”

“நான் கேட்டும் தரேல்லை.”

அப்போதுதான் அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது. செத்த மனிதனோடு போக வேண்டியதை இடையில் மறித்தவர் அவர்தானே.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தங்கச்சி. கரைச்சதை நான் எடுத்திருக்கக் கூடாது.”

“உங்களில பிழையில்லை. நான் எறிஞ்ச இடம்தான் பிழை.”

அவள் கொடியை எடுத்துக்கொண்டு சங்கிலிவரை நடந்தாள். காற்றில் தலைமுடி விலகியபோது கழுத்தின் பக்கத்தில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. கொடியின் பாரமாக்கும் என்று நினைத்தார். மேலே வீதியில் ஹோர்ன் அடித்தது. அவள் கையை நன்றாகப் பின்னால் வாங்கி எறிந்தாள். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

றெஜினோல்ட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவள் திரும்பி வந்தாள்.

“அவற்ற பேரைச் சொல்லுங்கோ. அவற்ற ஆத்துமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசை ஒப்புக்குடுக்கிறன்.”

அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“கிருஷ்ணராசா.”

அவர் பையிலிருந்த துண்டுக் கடதாசியில் கவனமாக எழுதினார். தண்ணீர் சப்பாத்தின் நுனியைத் தொட்டது. மறுபடி ஹோர்ன், இம்முறை விடாமல். பிறகு கார்க் கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது. படிக்கட்டின் உச்சியில் ஓர் ஆண் உருவம் வந்து நின்றது.

“தமையன் அவசரப்படுறார் போல” என்றார் றெஜினோல்ட்.

சுசிலா கையைக் கோட்டில் துடைத்தாள். அவள் குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

“எனக்குத் தமையன் இல்லை, அண்ணை. அந்த மேல நிக்கிறவர்தான் கிருஷ்ணராசா. கொடி என்ர இல்லை, உடையவ முதலே வந்து வாங்கிக்கொண்டு போட்டா எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ.”