சீல் உடையாத சிலிண்டர்

வாயு மூலக்கூறின் வடிவத்தை அளக்கும் கருவி, இரண்டே நிமிடத்தில் படம் வரைந்து, விளக்கமெழுதி, மதிப்பெண்ணும் போட்டுவிட்டது. பேராசிரியர் துரைசிங்கம் கைதட்டினார். மூன்றாமாண்டு மாணவி சுபைதாவோ கைதட்டவில்லை. அவள் வாயு சிலிண்டரைத் திறக்கவே மறந்திருந்தாள்.

"சார், உள்ளே வாயுவே போகலை."

"அதனால என்னம்மா? மெஷினுக்குத் தெரியாததா? படம் எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு!"

அவள் சிலிண்டரைப் போய்ப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதியோடு சீல் அப்படியே இருந்தது. இதே ஆய்வுக்குத்தான் ஐந்து செட் மாணவர்கள் மேடையேறி மெடல் வாங்கினார்கள். துரைசிங்கத்தின் தோளில் ஐந்து சால்வை விழுந்தது.

தூ என்றிருந்தது சுபைதாவுக்கு. சீலை உடைத்து வாயுவை உள்ளே விட்டாள். கருவியை யூகிக்க விடாமல், நாள் முழுக்க உட்கார்ந்து தானே அளந்தாள். நேர்க்கோடு என்று கருவி இத்தனை வருடமாக வரைந்துவந்த மூலக்கூறு வளைந்திருந்தது.

மறுநாள் அவள் அறிக்கையைப் பார்த்து துரைசிங்கம் உச்சுக்கொட்டினார். "நல்லாப் படிக்கிற பிள்ளை நீ. மெஷின் ஃபெயில் போட்டிருக்கே! போய் மறுபடி செய்."

பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த அக்கறையோடு சொன்னார்:

"இந்தத் தடவை சிலிண்டரைத் தொடாதே."