இரவல் சங்கு

கடலோரத்தில் நண்டுகள் எல்லாம் கூடிக் கடற்பாசி வியாபாரம் நடத்திவந்தன. அந்த வருஷம் கணக்கெழுதப் புது விதி வந்தது. சொந்தச் சாமானோடு இரவல் வாங்கியதையும் எழுதி, அதை யாருக்குத் திருப்பித் தரவேண்டும் என்றும் காட்ட வேண்டுமாம்.

கணக்கெழுதும் பொன்னாத்தாள் நண்டு அந்த இடம் வந்ததும் எழுதுவதை நிறுத்தினாள். அவள் குடியிருந்த சங்கே செத்துப்போன ஒரு நத்தையுடையது. எழுதினால் பிடுங்கிக்கொள்வார்களோ? சங்கு போனால் அவள் உடம்பு வெறும் சதை. அதனால் எழுதாமலே விட்டுவிட்டாள்.

கணக்கைச் சரிபார்க்க உள்ளான் குருவி வந்தது. "ஏம்மா, முதுகில இருக்கிறது ஏட்டில காணோமே?"

"எழுதினா கழற்றிக் கொடுத்துடணுமா ஐயா?" அவள் சங்குக்குள் ஒடுங்கிக்கொண்டாள்.

"அட, யாரு கேட்டா? வேணுங்கிற மட்டும் நீயே வச்சுக்கோ. அப்புறம் யாருக்கு, அதைச் சொல்லு."

நத்தைதான் போய்ச் சேர்ந்துவிட்டதே! பொன்னாத்தாள் வெளியே பார்த்தாள். அவளைவிடச் சின்ன உடம்புக்காரி செல்லக்கிளி நண்டு, சங்கு கிடைக்காமல் ஒரு சோடா மூடியைப் போர்த்திக்கொண்டு பாசி அள்ளிக்கொண்டிருந்தாள்.

பொன்னாத்தாள் நிதானமாக எழுதினாள்: 'இரவல் சங்கு ஒன்று. எனக்கு இறுகும் நாளில் செல்லக்கிளிக்கு.'

பிறகு வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "அடியே செல்லக்கிளி, இங்க வந்து அளவு பார்த்துட்டுப் போடி!"