முதல் பரிசு ஒரு தோணி

"ஒரு தோணி மட்டும் கிடைக்கட்டும், அடுத்த நாளே தொழிலுக்கு இறங்கிருவன்."

"கிடைக்கும். நான் எடுத்துத் தாறன்."

சுனாமி தோணியைக் கொண்டுபோன பிறகு கதிரவெளியில் நல்லரத்தினமும் மனைவி வதனியும் பேசிக்கொண்டது இது.

யுத்தம் முடிந்த மறுவருடம் மட்டக்களப்பில் சோடிகளுக்கான போட்டி என்றதும் வதனிதான் பெயர் கொடுத்தாள். முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், கடைசியில் இருவரும் வாவியைத் தோணியில் கடக்க வேண்டும். முதல் பரிசு இயந்திரத் தோணி.

அவனை இழுக்காத குறையாக ஓடி, மிதித்து, வாவிக் கரையை அவள்தான் முதலில் தொட்டாள்.

"இனி உங்கட பாடு. ஏறுங்க!"

நல்லரத்தினம் மிதவை அங்கியின் முடிச்சை அவிழ்த்துக் கட்டினான். துடுப்பில் வெடிப்பு என்று வேறு துடுப்பு எடுத்தான். மறுபடி முடிச்சை அவிழ்த்தான்.

பின்னால் வந்த அவர்கள் ஊர்க்காரன் தனோஜன் மனைவியோடு தன் தோணியில் ஏறிக்கொண்டான்.

"என்ன மச்சான், நல்ல நேரம் பாக்கிறியோ?"

வதனிக்கு அழுகை வந்தது. "இஞ்சேருங்க, அவங்க போறாங்க! நிவாரணத் தோணிப் பட்டியல்லதான் உங்கட பேர் விடுபட்டுப் போச்சு. இதையும் விடுறதா?"

அவன் வாவிப் பக்கம் பாராமல் சொன்னான்.

"விடுபடல்ல வதனி. வெட்டச் சொன்னதே நான்தான். சுனாமி வந்த அண்டையில இருந்து தண்ணியக் கண்டா கால் நகருதில்ல. சொல்ல வெக்கமாக் கிடந்திச்சு."

துடுப்பை அவள் கையில் கொடுத்தான்.

"என்னை இனித் தண்ணிக்கு அனுப்பாத, புள்ள."