நாலுகோட்டு நோட்டு

"இது உங்க வீட்டு ஃபைல்மா. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு இந்த ஃபாரத்த எழுதிக் குடுங்க" என்றபடி, நாடா கட்டிய காகிதக் கட்டை அவள் பக்கம் தள்ளினார் வீட்டுவசதி வாரியக் குமாஸ்தா.

குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள். ஐம்பது வருடக் கட்டிடம், தொட்டால் உதிர்கிறது. மாற்று வீட்டுக்கு மனு எழுதத்தான் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவருக்குக் கை நடுக்கம்.

ஒரு காலத்தில் பிளாக்கில் எல்லோருக்கும் அவர்தான் மனு எழுதுவார். தண்ணீர் ஏறவில்லையா, மாடிப்படி விளக்கு எரியவில்லையா, கூப்பிடு அவரை. இந்த அலுவலகத்தில் அவர் எழுத்து அத்தனை பேருக்கும் அத்துப்படி.

ஃபைலைப் புரட்டினாள். பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம். எல்லாவற்றுக்கும் அடியில், அவர்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களின் காகிதங்கள்.

தையல்காரம்மாவும் அவர் மகள் சுருட்டையும்.

அப்போது இவர்கள் எதிர்வீட்டில் இருந்தார்கள், ஒரே அறை. சுருட்டை வீட்டில் பால்கனி உண்டு. உள்ளே இரண்டு தையல் மெஷின் கடகடவென்று ஓட, இருவரும் பால்கனிக் கம்பிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு, துண்டுத்துணியில் பொம்மைக்குச் சட்டை தைப்பார்கள். அவளுடைய பள்ளிச் சீருடையும் அந்த மெஷினில் தைத்ததுதான். நகமும் சதையுமாக இருந்தார்கள்.

ஒன்பது வயதில் திடீரென்று ஒருநாள் சுருட்டை வந்து அவளுடைய நாலுகோட்டு நோட்டைக் கேட்டு வாங்கிப்போனாள்.

மறுநாள் அது வாசற்படியில் விரிந்து கிடந்தது. அதற்குப் பிறகு சுருட்டை முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரமே லாரி வந்தது. யாரோ மொட்டைக்கடிதம் போட்டுவிட்டார்கள் என்று பெரியவர்கள் கிசுகிசுத்தார்கள்.

லாரியின் பின்னால் ஓடி, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். சுருட்டை திரும்பவே இல்லை.

முப்பத்தைந்து வருடமாக அது அவளை அரித்துக்கொண்டிருந்தது. அப்படி என்ன செய்துவிட்டேன்? கேட்க ஆளில்லாமல், சுருட்டை கல்நெஞ்சுக்காரி என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். லாரி போன அடுத்த மாதம் பால்கனி வீடு இவர்களுக்கே கிடைத்தபோது, அதே கம்பியருகே தனியாக உட்கார்ந்து அழுதாள்.

கட்டின் கடைசித் தாள் பழுப்பேறியிருந்தது. நாலுகோட்டுத் தாள். ஆங்கிலத்தில், அழகான சேர்த்தெழுத்தில் ஒரு புகார். குடியிருப்பு வீட்டில் தையல் தொழில் நடக்கிறது, விதிமீறல், உடனே காலி செய்யவைக்க வேண்டும். அடியில் பெயர் இல்லை.

பெயர் தேவைப்படவும் இல்லை. ‘ஜி’யின் வாலை அப்படி இரண்டு சுழி சுழிப்பவள் வகுப்பிலேயே ஒருத்திதான்.

அவள்தான்.

கையெழுத்துப் பயிற்சி என்று சொல்லி, அப்பா ஒரு தாளைப் பார்த்து எழுதச்சொன்ன மாலை நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. மூன்று முறை எழுதவைத்து, நன்றாக வந்ததைக் கிழித்து எடுத்துக்கொண்டார். அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று தலையைத் தடவிக்கொடுத்தார். இன்னொரு முறை எழுதட்டுமா என்று இவளே கேட்டாள்.

ஓரத்தில் சிவப்பு மையில் தேதியிட்ட அலுவலகக் குறிப்பு: ‘புகார் குடியிருப்பவருக்குக் காட்டப்பட்டது. மகளுடன் வந்து பார்த்தார்.’

அந்தத் தேதிக்கு மறுநாள்தான் சுருட்டை நோட்டு கேட்டு வந்திருக்க வேண்டும்.

தாளைத் திருப்பி அப்பாவின் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மறந்துபோன முகம் இல்லை அது.

"பால்கனி வீடு வேணும்னு நீதானேம்மா அழுத" என்றார்.

அழுதது உண்மைதான். அதே வாரம் யானை வேண்டும் என்றும் அழுதாள்.

குமாஸ்தா ஃபாரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எழுதவில்லை. பேனாவை எடுத்து, அப்பாவின் நடுங்கும் விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.