சாய்த்தால் தெரியும்

“மைக்ராஸ்கோப்பைத் தொட்டே பார்க்காத ஆளு எழுதின மாதிரி இருக்கு” என்று மேசையில் தட்டினார் பேராசிரியர்.

அவர்களுடைய கட்டுரைக்கு ஆய்விதழ் அனுப்பிய மதிப்புரை அது. எழுதியவர் பெயர் இல்லை. கட்டுரை யாருடையதென்று அந்த ஆளுக்கும் தெரியாது. ‘படத்தில் தெரிபவை புள்ளிகள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? மேலேயிருந்து பார்த்தால் விளக்குக் கம்பம்கூடப் புள்ளிதான். சாய்த்துப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தது.

ஆய்வு மாணவி மெல்ல வாய் திறந்தாள். “வெறும் புள்ளின்னா ஏற்கெனவே நிறைய பேர் பண்ணிட்டாங்க சார். என் இத்தனை வருஷ உழைப்பும் குப்பைக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் நீளமா இருந்தா அது இழை, வேற வகை. இந்தப் பொருள்ல இழையை யாருமே வளர்த்ததில்லை. ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பார்த்துடலாமே.”

பேராசிரியர் சுவரைக் காட்டினார். ‘மைக்ராஸ்கோப் மேடையைச் சாய்க்காதீர்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தாள்.

“அதை ஏன் ஒட்டினேன் தெரியுமா? என் பொண்ணு இங்க ஸ்டூடண்டா இருந்தப்போ, சாய்க்கறேன் பேர்வழின்னு மேடையைக் கொண்டுபோய் லென்ஸ்லயே இடிச்சா. அவசரக்குடுக்கை. உனக்கு இந்த வேலை சரிப்படாதுன்னு சொல்லி அன்னைக்கே வேற லேபுக்கு அனுப்பிட்டேன்.”

“நான் இடிச்சா என்னையும் அனுப்பிடுங்க சார்.”

அவர் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். “சரி. எறும்பு ஊர்ற மாதிரி திருப்பு.”

மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருப்பினாள். மேடை சாயச் சாய, திரையில் இருந்த வட்டங்கள் முட்டை வடிவமாயின. பிறகு நீண்டன. கடைசியில், சீப்பின் பற்களைப் போல, தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய இழைகள் வரிசையாக எழுந்து நின்றன.

“இழைதான் சார்” என்றாள்.

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். “முதல் ஆளு நீதாம்மா. சாய்ச்சுப் பாருன்னு எழுதின மனுஷன் விரலுக்கு மோதிரம் போடணும். இந்தக் குத்தல் பேச்சு யாருதுன்னு எனக்குத் தெரியாதா, என்ன?”

உடனே தன் கல்லூரி நண்பருக்கு போன் போட்டார்.

“டேய், விளக்குக் கம்பமும் புள்ளிதான்னு எழுதினது நீதானே?”

“அடப்பாவி, அது உன் கட்டுரையா? பேரை மறைச்சு அனுப்பினா எனக்கெப்படித் தெரியும்?”

“என்ன கண்ணுடா உனக்கு. அனுபவம்னா இதுதான்.”

“உன்கிட்ட என்ன ஒளிவுமறைவு, நான் அதைப் பிரிச்சே பார்க்கலைடா. எப்பவும்போல ஸ்டூடண்ட் தலையில கட்டிட்டேன். உனக்கு வேணாம்னு என்கிட்ட தள்ளிவிட்டியே, உன் பொண்ணு, அவ எழுதினது.”

பேராசிரியர் போனை வைத்தார். எழுந்து போய், சுவரிலிருந்த தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.