ஆச்சுண்ணே

பற்றவைக்கும் முன் “கண்ணு!” என்று குரல் கொடுப்பது பாபநாசம் வெல்டிங் பட்டறையில் வழக்கம். கூட இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு “ஆச்சு” என்ற பிறகே ராடு இரும்பைத் தொடும்.

ஈரத்தரையில் ஷாக் அடித்து உதவியாள் சாமிதுரை செத்த பிறகும், “ஆச்சுண்ணே” என்று அவன் குரல் பின்னாலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. வெல்டர் மருதையன் யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்தால் போதும் அவருக்கு.

கூலித் தகராறில் வயல்கள் தரிசாய்க் கிடந்த வருஷம். மழையோடு பண்ணை ஆள் உடைந்த கேஜ்வீலை, டிராக்டர் சேற்றில் உழ மாட்டும் இரும்புச் சக்கரத்தை, உருட்டி வந்து போட்டான். “பந்தோபஸ்துக்குப் போலீஸ் வந்திருக்கு. இன்னைக்கே உழுதாவணுமாம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். காலுக்கடியில் பலகை போட மருதையனுக்கு அலுப்பாக இருந்தது. “கண்ணு!” என்றார்.

“ஆச்சுண்ணே.”

ராடு இரும்பைத் தொடப் போகையில் பின்னாலிருந்து இன்னொரு குரலும் “ஆச்சு” என்றது. அது மருதையனின் குரல்.